நான்காவது நகர்த்தலில் ஒரு குதிரை

சதுரங்கத்தில் ஆட்டம் சூடுபிடிப்பதற்கு முன்பே ஒரு காயை வேண்டுமென்றே எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக வேகத்தையோ தாக்கும் வாய்ப்பையோ பெற முயலும் தொடக்க முறை 'கேம்பிட்' எனப்படும். பெரும்பாலான கேம்பிட்டுகளில் பலியாவது ஒரு சிப்பாய் மட்டுமே. கேப்டன் எவான்ஸ் 1820களில் புகுத்திய கேம்பிட்டும் அத்தகையதே. 1995இல் ரீகா நகரில் காஸ்பரோவ் அதனைத் தூசிதட்டி எடுத்து, விஸ்வநாதன் ஆனந்தை 25 நகர்த்தல்களில் தோற்கடித்தார். இவற்றோடு ஒப்பிட்டால், நான்காவது நகர்த்தலிலேயே ஒரு முழுக் குதிரையைக் கொடுத்துவிடும் 'காக்ரன் கேம்பிட்' துணிச்சலின் எல்லையையே தாண்டியது எனலாம். அது பிறந்த இடம் லண்டனோ பாரிசோ அன்று, கல்கத்தா.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் காக்ரன் (1798–1878) கல்கத்தாவில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். வங்காளத்தின் உள்நாட்டுப் பகுதியிலிருந்து வந்து அவருக்கு எதிரே அமர்ந்தவர் மகேஷ் சந்திர பானர்ஜி. இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஆடினர். அவற்றுள் 1848இல் ஆடிய ஒன்றில்தான் இந்தப் பலி முதன்முதலாகப் பதிவாகியுள்ளது.

வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5 எனத் தொடங்கி, இருவரும் ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவர, வெள்ளைக் குதிரை ஈ5இல் உள்ள சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு டி6 ஆடி அந்தக் குதிரையை விரட்டும்போது, பின்வாங்குவதே எவரும் செய்யக்கூடியது. காக்ரன் பின்வாங்காமல் எஃப்7இல் உள்ள சிப்பாயை வெட்டினார். அந்தக் கட்டத்திலிருந்து குதிரை ராணியையும் யானையையும் ஒருசேரத் தாக்குவதால், கறுப்பு ராஜா அதனை வெட்டியே தீர வேண்டும்; வெட்டியதும் கோட்டை கட்டும் உரிமை, அதாவது ராஜாவை ஓர் ஓரமாக யானையின் காவலில் ஒதுக்கும் உரிமை, அந்த ஆட்டம் முழுவதற்கும் பறிபோகிறது. குதிரைக்கு மூன்று, சிப்பாய்க்கு ஒன்று என்னும் வழக்கமான மதிப்பின்படி, இரண்டு சிப்பாய்களை மட்டுமே பெற்ற வெள்ளைக்கு ஒரு புள்ளி நட்டம். முதல் மழை விழுமுன்பே விதைநெல் முழுவதையும் வயலில் தூவிவிட்ட உழவரின் நிலை அதனுடையது.

இனி வெள்ளை டி4 ஆடி நடுப்பலகையில் இரு சிப்பாய்களை அருகருகே நிறுத்துகிறது. இங்கேதான் பொறி இருக்கிறது. ஈ4இல் காவலின்றி நிற்பதாகத் தோன்றும் சிப்பாயைக் கறுப்புக் குதிரை ஆசைப்பட்டு வெட்டினால், வெள்ளை ராணி எச்5இலிருந்து ராஜாவுக்குச் செக் வைக்கிறது. ஜி6க்குச் சிப்பாயை நகர்த்தித் தடுத்தால், ராணி டி5இலிருந்து மீண்டும் செக் வைத்து, அதே வீச்சில் குதிரையையும் தாக்கிப் பிடித்துவிடும். ராஜா ஈ7க்கு ஓடினாலோ, ராணி ஈ2க்குத் திரும்பி, ராஜாவுக்கு முன்னால் நகர முடியாதபடி குதிரையைக் கட்டிப்போட்டுவிடும். ஆசைப்படாத கறுப்பு ஆட்டக்காரரோ ஜி6 ஆடி ராஜாவை ஜி7இல் பதுக்கி, உரிமை இழந்த கோட்டையைச் சாதாரண நகர்த்தல்களாலேயே கட்டிக்கொள்வார்.

கணினி நிரல்கள் இந்தப் பலியைக் கறுப்புக்கே சாதகமானதாக மதிப்பிடுகின்றன; அந்த மதிப்பீட்டில் பிழையும் இல்லை. எனினும் 1999இல் லினாரஸ் போட்டியில் டோபலோவ் இதனை கிராம்னிக்குக்கு எதிராகவே ஆடி டிரா செய்தார். அடுத்த ஆண்டே கிராம்னிக் உலகச் சாம்பியன் ஆனார் என்பதைக் கருதினால் அது எளிய செயலன்று. திரையில் தெரியும் எண்ணை மட்டும் காட்டி இத்தகைய தொடக்கங்களைச் சிறுவர்களுக்கு மறுத்துவிடும் பயிற்சி முறை, ராஜாவைத் திறந்தவெளியில் துரத்தும்போது கிடைக்கும் கணக்கிடும் பழக்கத்தையும் சேர்த்தே மறுத்துவிடுகிறது.

இதைவிட வருந்தத்தக்கது, பலியை ஏற்று ஆடியவர் மறக்கப்பட்டது. சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும் பழைய இந்திய விதிகளில் ஊறிய பானர்ஜி, மந்திரியை ஓரத்திலிருந்து நீண்ட மூலைவிட்டத்தில் நிறுத்தி, நடுப்பலகையைத் தொலைவிலிருந்து தாக்கும் முறையைக் கையாண்டார். இன்று உலகெங்கும் ஆடப்படும் 'இந்தியன்' தற்காப்புகளின் பெயர் அத்தகைய ஆட்டங்களிலிருந்தே வந்ததாகக் கருதப்படுகிறது. 1922இல் ஆடியவரின் பெயரால் 'குரூன்ஃபெல்ட்' என அழைக்கப்படும் தற்காப்பின் தொடக்க நகர்த்தல்களை, அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே, 1855இல், காக்ரனுக்கு எதிராக அவர் ஆடியிருக்கிறார்.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் 1950களில் குடியேற்றப்பட்ட வட அந்தமானின் திக்லிபூரில், இந்த வரலாற்றைத் தம் முன்னோர் நாட்டின் வரலாறாகவே கேட்கக்கூடிய பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களோடு ஒரே வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கக்கூடும். ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து சாலைவழியே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவ்வூரில், பலகையும் காய்களும் கிடைப்பதைவிட வலுவான எதிராளி கிடைப்பதே அரிதாக இருக்கும். உள்நாட்டிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேரும்வரை பானர்ஜிக்கும் அதே குறைதான் இருந்திருக்க வேண்டும். அங்கே சதுரங்கம் கற்பிக்க முன்வரும் ஆசிரியர்கள் 1848ஆம் ஆண்டு ஆட்டத்தின் முதல் நான்கு நகர்த்தல்களையாவது பலகையில் ஆடிக்காட்டி, ஆடியவர் இருவரின் பெயரையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.