புதுசா யோசிக்கிறதும் ஒரு படிப்புதான்!



பிளஸ் டூ பரீட்சை முடிந்தால் போதும், மணமேல்குடி பக்கம் நம்ம வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். "மேல படிக்க வைக்கிறதா, வேண்டாமா? என்ன படிப்பில் சேர்க்கிறது?"

போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு எல்லாம் முடிந்த பிறகு ஒரு சகோதரி கேட்டார்: "காலேஜில் புத்தாக்கம்னு ஒண்ணு சொல்லித் தருவாங்கன்னு எம்பொண்ணு சொல்றா. அதெல்லாம் விஞ்ஞானிங்க வேலை இல்லையா? கருவாடு காயவைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது எதுக்குங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புத்தாக்கம் என்றால் என்ன?

இதுவரை இல்லாத ஒன்றை முதன்முதலாக உண்டாக்கினால் அது கண்டுபிடிப்பு. இருக்கிற ஒன்றை மாற்றியோ, வேறு விதமாகப் பயன்படுத்தியோ மக்களுடைய ஒரு கஷ்டத்தைத் தீர்த்தால் அது புத்தாக்கம்.

நம்ம மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. சைக்கிளை நாம் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 1991-ல் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியில், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கேலி பேசியவர்கள் உண்டு. ஆனாலும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது. வண்டி பழசு, யோசனை புதுசு.

கோயம்புத்தூர் முருகானந்தம் கதை

அருணாசலம் முருகானந்தம் பேரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீங்க. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இறந்ததால் 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். 1998-ல் கல்யாணமான புதிதில், மனைவி மாதவிலக்குக்குப் பழைய துணியை ஒளித்து எடுத்துப் போவதைப் பார்த்தார். நாப்கின் வாங்கினால் பால் செலவில் கைவைக்க வேண்டியிருக்கும் என்றார் மனைவி. கொஞ்சம் பஞ்சுதானே, ஏன் இவ்வளவு விலை என்று தானே செய்யப் புறப்பட்டார்.

பஞ்சை வைத்துச் செய்து பார்த்தார், சரிவரவில்லை. ஊர் தப்பாகப் பேசியது. மனைவியும் தாயும்கூடக் கொஞ்ச காலம் விலகிப் போனார்கள். கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது நம்ம ஊர் பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து வரும் நார் என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு 2 வருஷத்துக்கு மேல் ஆனது.

தெரிந்த பிறகு எளிய இயந்திரங்களைச் செய்தார். ஒன்று மிக்ஸி மாதிரி நாரை உதிர்க்கும். ஒன்று அழுத்தி வடிவம் கொடுக்கும். பிறகு துணி சுற்றி, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்க வேண்டும். வெளிநாட்டு இயந்திரம் கோடிக்கணக்கில் விலை. இவர் இயந்திரத்தின் ஆரம்ப விலை சுமார் 65 ஆயிரம் ரூபாய்தான். 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பரிசு கிடைத்தது. 2016-ல் பத்மஸ்ரீ விருது. பெரிய கம்பெனிக்கு விற்காமல் நம்ம மாதிரி மகளிர் குழுக்களுக்கே இயந்திரத்தைக் கொடுத்தார்.

"பார்த்தீங்களா, படிக்காமலே சாதிச்சிட்டாரே!" என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் நில்லுங்க. அந்த 2 வருஷத்தை நினைத்துப் பாருங்க. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடமும் சொல்லித்தர ஒரு ஆசிரியரும் பக்கத்தில் இருந்திருந்தால், அது என்ன நார் என்று எவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்கும்! யோசனை அவருக்குத் தானாக வந்தது. அதைச் சோதித்துப் பார்க்க வழிதான் கிடைக்கவில்லை. அந்த வழியைத் தருவதுதான் கல்லூரி.

திருவண்ணாமலைப் பிள்ளை

வினிஷா உமாசங்கர் பள்ளியில் படிக்கும்போது, தெருவில் துணி தேய்ப்பவர் கரி அடுப்புப் பெட்டியோடு படும் பாட்டைப் பார்த்தார். கரிக்குப் பதில் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை யோசித்தார். அதற்காகக் கல்லூரி அளவு இயற்பியல் புத்தகங்களைப் படித்தார். தேசிய புத்தாக்க நிறுவனம் மாதிரி வண்டியைச் செய்ய உதவியது. 2021-ல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டில் பேசும் வாய்ப்பும் கிடைத்தது. பார்த்தது தெருவில், தீர்வுக்குக் கைகொடுத்தது படிப்பு.

நம்ம கடற்கரையில் என்ன இருக்கு?

கருவாட்டையே எடுத்துக்குங்க. மணலில் போட்டால் மண் ஒட்டும். கம்பு நட்டு, வலை கட்டி உயரத்தில் காயவைத்தால் மண் ஒட்டாது, கீழிருந்தும் காற்று போகும். இதுவும் புத்தாக்கம்தான். இதற்கு மேல் கேள்விகள் வரும். மழைக் காலத்தில் எப்படிக் காயவைப்பது? உப்பு எவ்வளவு போட்டால் கெடாது? ஈரம் எவ்வளவு இருந்தால் பூஞ்சை வரும்? கைப்பக்குவம் நமக்குத் தெரியும். அதை அளந்து, எழுதி, நாலு பேர் நம்பும்படி நிரூபிக்கப் படிப்பு வேண்டும்.

மீன்வளப் படிப்புக்கு நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உணவுப் பதப்படுத்தும் படிப்புக்குத் தஞ்சாவூரில் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. வீட்டிலிருந்து போய்வர வேண்டுமென்றால் அறந்தாங்கியில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. எந்தப் பாடம் எடுத்தாலும், "இது ஏன் இப்படி?" என்று கேட்கிற பிள்ளைக்குப் புத்தாக்கம் வரும்.

சேர்ப்பதற்கு முன் கவனிங்க

* "புத்தாக்கம்" என்ற பேரை விளம்பரத்தில் பார்த்துக் கடன் வாங்கிச் சேர்க்காதீங்க. பேர் மட்டும் பிள்ளைக்கு வேலை வாங்கித் தராது.
* கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் முறையான அங்கீகாரம் இருக்கா என்று கேளுங்க.
* ஆய்வுக்கூடத்தை நேரில் போய்ப் பாருங்க. பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்கிறார்களா, பூட்டியே கிடக்கிறதா?
* மூத்த மாணவிகள் செய்த புராஜெக்ட்டைக் காட்டச் சொல்லுங்க.
* இன்ஜினீயரிங் என்றால் முதலில் அரசு கவுன்சிலிங்கில் பதிவு பண்ணுங்க. புரோக்கரிடம் பணம் கொடுக்காதீங்க.
* அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காக 2022-ல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கப்பட்டது. இந்த வருஷம் என்னென்ன உதவி கிடைக்கும் என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டுக்குங்க.

சகோதரிகளே, அந்தக் கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: கருவாடு காயவைக்கிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த வேலையின் கஷ்டம் தெரியும். அதைத் தீர்க்க அவளைவிடப் பொருத்தமானவர் யார்?

அடுத்த குழுக் கூட்டத்துக்கு பிளஸ் டூ படிக்கும் பெண்பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. நம்ம வேலையில் எது ரொம்பக் கஷ்டம் என்று ஆளுக்கு ஒன்று சொல்லுவோம். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதட்டும். கல்லூரிக்குப் போகும்போது அந்த நோட்டும் அவர்களோடு போகட்டும்.