ஆரவல்லி: திட்டத்தில் நழுவிய ஒரு சொல்

புது தில்லி: குடியரசுத் தலைவர் மாளிகை அமைந்துள்ள ரைசினா குன்று, ஆரவல்லி மலைத்தொடரின் ஒரு சிறு கிளை. குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியாணா வழியே தில்லியில் முடியும் இத்தொடர், தார்ப் பாலைவனத்தின் புழுதிக்கு அரணாக நிற்கிறது. அதன் பாறை வெடிப்புகளில் இறங்கும் மழைநீர், குருகிராம், பரீதாபாத் பகுதிகளின் நிலத்தடி நீரை ஊறச் செய்கிறது. தலைநகரை ஒட்டிய நிலம் என்பதால், கட்டுமான நிறுவனங்களின் கண்ணும் இதன்மீதே.

நாடாளுமன்றம் 1985-ல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்தது தேசியத் தலைநகர் பிராந்தியத் திட்ட வாரியம். வாரியம் 2005-ல் அறிவிக்கை செய்த "பிராந்தியத் திட்டம்-2021", ஆரவல்லியை "இயற்கைப் பாதுகாப்பு மண்டலம்" என்று வகைப்படுத்தியது. பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றாலும், மொத்தப் பரப்பில் 0.5 சதவீதத்துக்கு மேல் கட்டுமானம் கூடாது என வரம்பும் விதித்தது.

ஆனால், 2021 இறுதியில் கருத்துக் கேட்புக்காக வெளியான 2041-க்கான வரைவில் அது "இயற்கை மண்டலம்" எனச் சுருங்கியது. "பாதுகாப்பு" என்ற சொல் நழுவியதும், நிலப் பதிவேட்டில் மலை எனக் குறிக்கப்படாத இடங்களின் கதி என்ன என்று சூழலியலாளர்கள் கேள்வி எழுப்பினர்.

கேள்வியில் நியாயம் உண்டு. 1900-ம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தைத் தளர்த்தும் மசோதாவை 2019 பிப்ரவரியில் ஹரியாணா சட்டப் பேரவை நிறைவேற்றியது. சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. அச்சட்டத்தின் 4-வது பிரிவின்கீழ் சிறப்பு ஆணைகளுக்கு உள்பட்ட நிலங்கள் வனமாகவே கருதப்படும் என 2022-ல் தீர்ப்பளித்தது. ஆரவல்லிக்கு 100 மீட்டர் உயரம் என்ற வரையறையை 2025 நவம்பரில் ஏற்ற அதே நீதிமன்றம், எதிர்ப்பு வலுத்ததும் டிசம்பரில் தன் உத்தரவை நிறுத்திவைத்தது.

விதி தளர்ந்த இடத்தில் விலை கொடுப்பவர் யார்? பரீதாபாதில் அரசுத் துறையின் அனுமதியுடன் எழுந்த காந்த் என்க்ளேவ் குடியிருப்பை இடிக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீடு இழந்தோருக்கு இழப்பீடு கிடைக்க வழிசெய்தது. 2021-ல் அதே மாவட்டத்தின் கோரி கிராமத்தில் வன நிலத்திலிருந்து ஏழைத் தொழிலாளர்களின் ஆயிரக்கணக்கான வீடுகள் அகற்றப்பட்டன. மறுவாழ்வுக்காக அவர்கள் மீண்டும் நீதிமன்றப் படியேற நேர்ந்தது.

தொடக்கத்திலேயே தெளிவான எல்லை வகுத்து, அதை உறுதியாகக் காத்திருந்தால் மலையும் தப்பியிருக்கும், மக்களும் தப்பியிருப்பார்கள். இறுதித் திட்டத்தில் அந்த ஒரு சொல் இடம்பெறுவது அவசியம்.