பனியைச் சேமிக்கும் சிற்றூர்கள்

இமயத்தின் மழைமறைவில் அமைந்துள்ள லடாக் ஒரு குளிர்ப் பாலைநிலமாகும். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் அளவே. எனினும் அந்நிலத்தில் வாற்கோதுமையும், கோதுமையும், பட்டாணியும் விளைகின்றன. மலை முகடுகளிலுள்ள பனியாறுகள் உருகி ஓடைகளாக இறங்கி வருவதே இதற்குக் காரணம்.

விதைப்புக் காலத்து நீர்

லடாக்கின் வேளாண் பருவம் மிகக் குறுகியது. ஏப்ரல், மே மாதங்களில் விதைத்தால்தான் குளிர் மீளுமுன் கதிர் முற்றும். ஆனால், 5,000 மீட்டருக்கு மேலுள்ள பனியாறுகள் ஜூன் மாதத்தில்தான் நன்கு உருகத் தொடங்குகின்றன. இடைப்பட்ட வாரங்களில், தாழ்ந்த சரிவுகளில் படிந்த குளிர்காலப் பனியே வயல்களுக்குக் கைகொடுத்து வந்தது. புவி வெப்பம் உயர்ந்து வர, பனியாறுகள் பின்வாங்குகின்றன. குளிர்காலப் பனியும் முன்போல் நம்பத்தக்கதாக இல்லை. விதைப்பு தவறினால் அவ்வாண்டு விளைச்சலே இல்லை. நீர் வற்றிய குலும் போன்ற சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் வெளியேறவும் நேர்ந்தது.

குழாயடியில் பிறந்த எண்ணம்

இவ்விடரைத் தீர்க்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் செவாங் நோர்பெல். 1935-இல் பிறந்த இவர், ஜம்மு-காஷ்மீர் அரசின் ஊரக வளர்ச்சித் துறையில் பொறியாளராகப் பணியாற்றியவர். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காதிருக்க, மக்கள் அதனைச் சிறிது திறந்தே வைப்பது வழக்கம். அவ்வாறு வழிந்த நீர், மர நிழலில் ஓட்டம் தணிந்த இடத்தில் பனிக்கட்டியாகப் படிந்திருப்பதை அவர் கண்டார். விரைந்தோடும் நீர் உறைவதில்லை. தேங்கி மெல்லச் செல்லும் நீர் உறைகிறது. இதனைப் பெரிய அளவில் செய்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். தொடக்கத்தில் அவரை எள்ளியவர்களும் உண்டு. 1987-இல் ஃபுக்செ சிற்றூரில் முதல் செயற்கைப் பனியாறு உருவாயிற்று.

இதன் அமைப்பு எளியது. குளிர்காலத்தில் பயனின்றிச் சிந்து நதிக்குச் செல்லும் ஓடைநீர், கால்வாய் வழியே மலையின் நிழற்பகுதிக்குத் திருப்பப்படுகிறது. அங்கே வரிசையாக எழுப்பிய கற்சுவர்கள் அதன் வேகத்தைத் தணிக்க, நீர் அடுக்கடுக்காக உறைகிறது. இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்வான இடத்தில் இருப்பதால், இது முன்னதாகவே உருகி விதைப்புக்கு உதவுகிறது. பணி ஓய்வுக்குப் பின்னும் இத்தகைய அமைப்புகளைப் பல ஊர்களில் நிறுவிய நோர்பெலுக்கு 2015-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பனி ஸ்தூபி

மலை நிழலும் உயரமும் வாய்க்காத ஊர்களுக்கு மற்றொரு வழியைப் பொறியாளரும் கல்வியாளருமான சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் செய்து காட்டினார். மேட்டிலுள்ள ஓடையிலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர், எந்திர விசையின்றித் தன் அழுத்தத்தாலேயே மேலெழுந்து சிதறுகிறது. கடுங்குளிரில் உறைந்து கூம்பாக வளர்கிறது. கூம்பு வடிவில் பனியின் கொள்ளளவுக்கு வெயில்படும் பரப்பு குறைவு. ஆதலால் அது வேனில் வரை நிலைக்கிறது. புத்த ஸ்தூபியை ஒத்த தோற்றத்தால் அப்பெயர் பெற்றது. கைவிடப்பட்ட குலும் ஊரிலும் பின்னர் இத்தகைய ஸ்தூபி எழுப்பப்பட்டது.

ஊரின் பங்கு

இவ்வமைப்புகள் புதிய நீரை உண்டாக்குவதில்லை. குளிர்கால நீரை விதைப்புக் காலத்திற்கு மாற்றித் தருகின்றன, அவ்வளவே. குளிரும் ஓடையும் உள்ளவரையே இவை பயன்படும். வெள்ளத்தில் சுவர்கள் சிதையலாம். குழாய்களில் நீர் உறைந்து அடைபடலாம். நள்ளிரவுக் குளிரில் சென்று அவற்றைச் சீராக்குவோர் ஊரில் இருத்தல் வேண்டும். மேலூர் திருப்பும் நீரில் கீழூருக்கும் உரிமை உண்டு என்பதையும் மறத்தலாகாது.

லடாக்கில் இதற்கான மரபு முன்பே உள்ளது. இரவில் வரும் நீரைச் சிறு குளத்தில் தேக்கிப் பகலில் பாய்ச்சுவர். அக்குளம் 'சிங்' எனப்படும். முறைவைத்து நீரைப் பங்கிட ஊரார் அமர்த்தும் காவலர் 'சுர்போன்' ஆவார். புதிய பனித்தேக்கங்களின் பராமரிப்பும் பங்கீடும் இம்மரபோடு இணையும் ஊர்களில் அவை நீடிக்க வாய்ப்புண்டு. ஆகவே, இத்திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோர் சுவருக்கும் குழாய்க்கும் செலவிடுவதோடு நில்லாமல், ஆண்டுதோறும் அவற்றைப் பேணுவதற்கான பொறுப்பையும் பொருளையும் ஊராரிடம் முன்கூட்டியே உறுதி செய்தல் இன்றியமையாததாகும்.