இரட்டைச் சக்கர ராட்டை

"நாம் உடுத்தும் துணிக்கு நூல் எங்கிருந்து வருகிறது?" என்று வகுப்பில் கேட்டால், "கடையிலிருந்து" என்று சொல்லும் பிள்ளைகளே அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரப்பர்ப் பால் உறைந்து ஷீட்டாவதைக் கேட்டும் செம்பனைக் குலை லாரியேறுவதைக் கண்டும் வளர்கிற பிள்ளைகள், பஞ்சு நூலாவதைக் கண்டதில்லை. நம் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கெக்காபு மரம் உண்டு. ஆனால் அந்த இலவம்பஞ்சு வழுவழுப்பானது. இழையோடு இழை பற்றாது. தலையணைக்கு ஆகுமே தவிர நூலுக்கு ஆகாது. நூற்பதற்குப் பருத்திதான் வேண்டும்.

மான்செஸ்டர் ஆலைத் துணி இந்தியாவில் வந்து குவிந்தபோது, கையால் நூற்றுக் கஞ்சி குடித்த பெண்கள் பிழைப்பை இழந்தார்கள். பிழைப்புத் தேடிக் கப்பலேறிய நம் முன்னோர் கதையோடு ராட்டைக்கு அந்த வகையில் உறவு உண்டு. அதனால்தான் காந்தியடிகள் ராட்டையை மீண்டும் கையில் எடுத்தார். 1925இல் அகில இந்திய சர்க்கா சங்கம் தோன்றியது. நல்ல ராட்டைக்கு 1929இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. பின்னாளில் ஏகாம்பரநாதன் என்ற தமிழர் அமைத்த ராட்டை, அவர் பெயராலேயே 'அம்பர்' என அழைக்கப்பட்டு 1950களில் இந்தியாவெங்கும் பரவியது.

வீட்டுக்கு ஏற்றது பெட்டி ராட்டை. எரவாடாச் சிறையோடு தொடர்புடையதால் இதை எரவாடா சக்கரம் என்பார்கள். மூடினால் கைப்பெட்டி; திறந்தால் இரண்டு சக்கரம்.

இரண்டு சக்கரம் எதற்கு? சைக்கிளை நினைத்துப் பாருங்கள். முன்னால் உள்ள பெரிய பல்சக்கரம் ஒருமுறை சுற்றினால் பின்னால் உள்ள சிறியது பலமுறை சுற்றும். ராட்டையில் இந்த வேலை இருமுறை நடக்கிறது. பெரிய சக்கரத்தின் கயிறு இரண்டாம் சக்கரத்தின் குடத்தைச் சுற்றுகிறது. இரண்டாம் சக்கரத்தின் கயிறு கதிரின் சிறு உருளையைச் சுற்றுகிறது. முதலாவது 4 மடங்கு, அடுத்தது 15 மடங்கு என்று வைத்துக்கொண்டால், கை ஒருமுறை சுற்ற, கதிர் 60 முறை சுழலும்!

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை:

சக்கரமும் உருளையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கோணினால் கயிறு கழன்றுவிடும்.

கயிற்றின் முடிச்சு சிறிதாக இருக்கட்டும். பருத்த முடிச்சு உருளையில் இடித்து நூலை அறுக்கும். கயிற்றில் சிறிது மெழுகு தேய்த்தால் வழுக்காது.

இறுக்கம் தையல் மெஷின் வார்போலத்தான். தளர்ந்தால் சறுக்கும், மிஞ்சினால் கை வலிக்கும்.

கதிர் வளையாமல் இருக்க வேண்டும். மெல்லச் சுற்றி முனையைப் பாருங்கள். முனை ஆடினால் கதிரை நிமிர்த்துங்கள். தாங்கிகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

இனி நூற்கலாம். கதிரில் ஒரு முழம் நூலைச் சுற்றி, அதன் நுனியைப் பஞ்சுத் திரியோடு ஒட்டிப் பிடியுங்கள். வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை திரியைப் பின்னோக்கி மெல்ல இழுக்கட்டும். கதிர் முனையிலிருந்து சாய்வாகப் பிடித்தால் முறுக்கு ஏறும். முறுக்கு ஏறியதும் சக்கரத்தைச் சற்றுப் பின்னே சுற்றி முனையை விடுவித்து, நூலைக் கதிருக்குக் குறுக்காகப் பிடித்துச் சுற்றிக்கொள்ளுங்கள். நூல் சுருண்டால் முறுக்கு அதிகம். பிரிந்து விழுந்தால் முறுக்கு போதாது. முதல் நாள் அறுந்துகொண்டேதான் இருக்கும். பொறுமை இழக்கலாகாது.

இதனால் பெரும் வருமானம் வராது. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் தாத்தாவோ பாட்டியோ ஊரிலிருந்து கொண்டுவந்த ராட்டை பரண்மேல் கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நூற்கத் தெரிந்த முதியவர் வீட்டில் இருக்கும்போதே பேரப்பிள்ளையை அருகில் உட்கார வையுங்கள். சக்கரத்தைத் தச்சர் செய்து தருவார்; கைப்பழக்கத்தைக் கைதான் கற்றுத்தர வேண்டும்.