ஒரு தக்காளி போதும்

கைக்கருவிகள் – 11

கத்தி பிடிக்கும் என்று சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மாறும். தபால்தலை சேர்க்கிறேன், பேனா சேர்க்கிறேன் என்றால் ‘அப்படியா’ என்று கேட்டுக்கொள்வார்கள். கத்தி என்றால் முதலில் ஒரு சிரிப்பு, அடுத்தது ‘உங்ககிட்ட பார்த்துத்தான் பேசணும் போல’ என்ற அரதப் பழசான நகைச்சுவை. சொல்வது ஒரு பெண் என்றால் கேட்கவே வேண்டாம். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி இந்த ஆசை?” என்று என் அத்தை இன்னும் கேட்கிறார். நாள் முழுக்க அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்த தலைமுறை அவருடையது.

மதுரைப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். மானாமதுரை போகிற வழியில் இருக்கும் திருப்பாச்சேத்தியின் பெயரையே சினிமா கெடுத்து வைத்திருக்கிறது. அந்த ஊர்ப் பட்டறைகளில் லாரியின் பழைய பட்டையைக் காய்ச்சி அடித்து அரிவாள் செய்கிறார்கள். விறகு வெட்ட, இளநீர் சீவ, கருவேலம் கழிக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு, ஒரு எடை. கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஆள் உயர அரிவாளும் செய்து வாங்கிப் போகிறார்கள். திரையில் வருவதோ சட்டைக்குப் பின்னாலிருந்து உருவுவது மட்டும்தான். இந்தப் பயத்தைத் தாண்டித்தான் கத்தி ஆசைக்காரர் தன் வீட்டாரிடமும் நண்பர்களிடமும் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலானவர்கள் தொடங்கும் இடமே தப்பு. புதுக் கத்தி வாங்கிய கையோடு எஃகைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். கார்பன் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, ராக்வெல் அளவில் கடினம் 58-ஆ 62-ஆ என்று. கேட்பவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, “விலை எவ்ளோ?” என்பார். விலையைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த நண்பரிடம் கத்தி என்ற சொல்லையே எடுக்க முடியாது.

நான் கண்ட வழி ஒன்றுதான். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அவர்கள் வீட்டுக் கத்தியையே வாங்கித் தீட்டிக் கொடுக்க வேண்டும். நம் கத்தியைக் கொண்டுபோய்க் காட்டக் கூடாது. எந்த வீட்டிலும் மொண்ணையாகிப்போன எவர்சில்வர் கத்தி ஒன்று இருக்கும். தக்காளியின் தோலில் வைத்தால் உள்ளே இறங்காமல் வழுக்கும். அழுத்தினால் தக்காளி நசுங்கிச் சாறு ஓடும். அதைத் தீட்டி, அதே கையில் கொடுத்து, இன்னொரு தக்காளியை நறுக்கச் சொன்னால் போதும். கத்தி தன் எடையிலேயே இறங்கும்போது அவர்கள் முகத்தில் வருவதற்குப் பேச்சு எதுவும் ஈடில்லை. அடுத்தது வெங்காயம். கூர் நன்றாக இருந்தால் வெங்காயத்தின் திசு குறைவாக நசுங்கும். கண்ணெரிச்சலைத் தருவதும் நசுங்கிய திசுவிலிருந்து வருகிற வாயுதான். “அட, கண்ணே கலங்கலையே!” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால் உங்கள் வேலை முடிந்தது.

தீட்டுவதற்கு ஜப்பான் கல் எல்லாம் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கார்போரண்டம் கல் போதும். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் மழமழப்பு. கல்லுக்கு அடியில் ஈரத்துணி போட்டு நகராமல் வைத்து, மேலே தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். கோணம்தான் எல்லோரையும் மிரட்டும். கத்தியைக் கல்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள்; அதில் பாதி சாயுங்கள்; அதிலும் பாதி சாயுங்கள்; இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். ஏறக்குறைய 20 டிகிரி வந்துவிடும். சமையல் கத்திக்கு அது சரி. அடியிலிருந்து நுனி வரை அதே சாய்வில் இழுத்துக்கொண்டே இருந்தால், சற்று நேரத்தில் மறுபக்கம் ஒரு பிசிறு எழும். விரலைக் கூரின் குறுக்கே, வெளிப்பக்கமாக மட்டும், மெல்லத் தடவினால் தெரியும். முழு நீளத்துக்கும் பிசிறு எழுந்த பிறகுதான் திருப்பிப் போட வேண்டும். பாதியில் திருப்புகிறவர்களுக்குத்தான் ‘என்ன தீட்டினாலும் கூர் வரவில்லை’ என்ற புலம்பல் வருகிறது. கடைசியாக மழமழப்புப் பக்கத்தில் மாற்றி மாற்றி மெதுவாக இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டு, பழைய தோல் பெல்ட்டில் நாலு தரம் தேய்த்தால் ஆயிற்று.

ஒரு எச்சரிக்கை. தீட்டிய அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். மொண்ணைக் கத்தியோடு பழகிய கை அழுத்தியே பழகியிருக்கும். அதே அழுத்தத்தைக் கூரான கத்தியில் கொடுத்தால் நேரே விரலுக்குத்தான். கூரான கத்திதான் பாதுகாப்பு என்று நூல்கள் சொல்வது உண்மை. ஆனால் கை பழகிய பிறகு.

அத்தையிடம் மட்டும் இந்தத் தக்காளி வித்தை பலிக்கவில்லை. அவர் கத்தியைத் தொடவே மாட்டார். “கத்திய அசைச்சு வெட்டுறதா, காய அசைச்சு வெட்டுறதா, எதுடி சுலுவு?” என்று அரிவாள்மனையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்தார் என்றால் வாழைப்பூவானாலும் சேனையானாலும் என் கத்தி பலகையில் பாதி தாண்டுவதற்குள் முடித்துவிடுவார். வங்காளத்தில் இதே கருவியைப் போட்டி என்கிறார்கள். அங்கே பெரிய மீனையே அதில் அறுப்பார்கள். கூர் அசையாது, இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கும், பலகையும் தேவையில்லை. யூடியூபில் பிரெஞ்சுச் சமையல்காரர் வெட்டுவதைப் பார்த்துக் கத்தி வாங்கியவர்களுக்கு அரிவாள்மனை பழைய பஞ்சாங்கமாகத் தெரிகிறது. எனக்கும் கொஞ்ச காலம் அப்படித்தான் தெரிந்தது. இப்போது அத்தையின் அரிவாள்மனையைக் கழற்றித் தீட்டிக் கொடுக்கிறேன். அது பழைய இரும்பு. சீக்கிரம் கூர் ஏறும், துடைக்காமல் விட்டால் சீக்கிரம் துருவும் ஏறும். தீட்டி முடித்ததும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்க மாமா தீட்டுறாப்பல இருக்கு” என்றார். எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கூரின் ருசி கண்டவர்கள் அடுத்து கேட்பது, “எனக்கு ஒண்ணு சொல்லேன், வாங்குறேன்.” இங்கேதான் ஆசைக்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததை அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒசாகா பக்கத்திலுள்ள சக்காய் ஊரில் கொல்லர் அடிப்பார், தீட்டுகிறவர் தீட்டுவார், பிடி போடுகிறவர் பிடி போடுவார். ஒரு கத்தி பல பட்டறை தாண்டி வெளியே வரும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் அந்த ரகத்தில் பலதும் கடினம் 60-ஐத் தாண்டியவை. கூர் நெடுநாள் நிற்கும், முரட்டு வேலை தாங்காது. அதை வாங்கிப் போய்த் தேங்காய் ஓட்டில் ஒரு போடு போட்டாலோ, மீன் தலையைப் பிளந்தாலோ பல் விழுந்துவிடும். நம் அடுப்படிக்கு 55, 56 கடினத்திலுள்ள சாதா எவர்சில்வர் கத்தியே மேல் என்பது என் கட்சி. அடிக்கடி தீட்ட வேண்டும், ஆனால் வளையும், உடையாது. விலை உயர்ந்த கத்தியைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, அவர்கள் அதை உபயோகிக்கும் விதத்தைப் பார்த்து உள்ளுக்குள் அழுவதைவிட இது நல்லது.

தூத்துக்குடியில் உப்பளம் பக்கத்தில் குடியிருக்கும் சிநேகிதிக்கு ஓபினெல் மடக்குக் கத்தி ஒன்று கொடுத்தேன். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி. பீச் மரப் பிடி, ஒரு தகடு, 1955-லிருந்து பூட்டுவதற்கு ஒரு வளையம், அவ்வளவுதான். கடற்காற்றின் ஈரத்தில் மரம் உப்பி, தகடு பிடிக்குள் இறுகிக்கொண்டது. “நீ குடுத்த கத்தி வாயே திறக்க மாட்டேங்குதுப்பா” என்று போன் வந்தது. சவோய்க்காரர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திருப்பிவிட்டு, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு. தகட்டின் முனை வெளியே எட்டிப் பார்க்கும். இந்தத் தட்டைக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அந்தக் கத்திமேல் பிரியமே வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் தட்டிக் காட்டுகிறாள்.

கொடுக்கும் முறைக்கும் சட்டதிட்டம் உண்டு. நம் வீடுகளில் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். கீழே வைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும். ஐரோப்பாவில் பல இடங்களில் கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துபோகும் என்று நம்பிக்கை. வாங்குகிறவர் ஒரு சில்லறைக் காசு கொடுத்து அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்வார். நான் இரண்டையும் சேர்த்தே செய்கிறேன். மேசையில் வைக்கிறேன், ஒரு ரூபாய் வாங்கிக்கொள்கிறேன். சண்டை வந்தாலும் கத்தியால் வந்ததாக இருக்காது.

குழந்தைகள் விஷயம் வேறு. என் தங்கை மகனுக்கு எஃகும் வேண்டாம், தக்காளியும் வேண்டாம், கதை வேண்டும். பிரான்சின் தியேர் ஊரில், ஆற்றோரப் பட்டறைகளில் சாணை பிடிப்பவர்கள் முற்காலத்தில் சுழலும் கல்லுக்கு மேலே பலகை போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். ஈரமும் குளிரும் தாங்காமல், காலுக்குச் சூடாக இருக்கட்டும் என்று நாயைத் தங்கள் கால்மேல் படுக்க வைத்துக்கொள்வார்கள். “நாய் எந்திரிச்சுப் போயிட்டா என்ன செய்வாங்க பெரியம்மா?” என்று கேட்டான். பிறகு சுவிஸ் கத்தி. 1884-இல் இபாக் கிராமத்தில் பட்டறை போட்ட கார்ல் எல்ஸனர்தான் அதன் பிதாமகர். ஆனால் அந்நாட்டு ராணுவத்துக்கு முதல் தவணைக் கத்திகள் போனது ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து. உள்ளூரில் அவ்வளவு செய்ய ஆளில்லை. எல்ஸனர் 1891-இல்தான் கொடுக்கத் தொடங்கினார். படைவீரனுக்குத் தேவைப்பட்டது நாலு உருப்படி: ஒரு தகடு, ஒரு துளையூசி, டப்பா திறக்க ஒன்று, துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி. பையன் தன்னிடமிருக்கும் கத்தியைப் பிரித்து நாலையும் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டான்.

அவனுக்கு நான் வைத்த விதிகள் சாரணர் முகாமில் சொல்லித் தருவதுதான். உட்கார்ந்த பிறகே திறக்க வேண்டும். கை நீட்டினால் எட்டும் வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன் மடக்கிவிட வேண்டும். இதுவரை பென்சிலும் மாங்குச்சியும்தான் காயப்பட்டிருக்கின்றன.

கொடுமணல் கதையும் அவனுக்குப் பிடிக்கும். நொய்யல் கரையில் இரும்பும் எஃகும் காய்ச்சிய பழைய ஊர். தென்னிந்திய உலையெஃகு மேற்கே போய்ப் புகழ்பெற்றது. லண்டனில் மைக்கேல் பாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து அதை ஆராய்ந்து 1820-இல் கட்டுரை எழுதினார். பாரடே கொல்லர் மகன். இந்தப் பெருமையைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இன்று இணையக் கடைகளில் டமாஸ்கஸ் என்று அலையலையாய்க் கோடு போட்டு விற்கிற கத்திகள் இரண்டு எஃகை அடுக்கி அடித்து அமிலத்தில் நனைத்தவை. பழைய உலையெஃகுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அழகுக்காக வாங்குங்கள், பாட்டன் சொத்து என்று வாங்காதீர்கள்.

குடும்பமே சேர்ந்து கத்தியைக் கொண்டாடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் குடகுக்குப் போக வேண்டும். அங்கே ஆண்கள் கல்யாணத்தில் இடுப்பில் பீச்சேக்கத்தி செருகியிருப்பார்கள். வாழைத்தண்டுகளை நட்டு, ஒடிக்கத்தியால் வெட்டி மரியாதை செய்வது சடங்கிலேயே ஒரு பகுதி. செப்டம்பர் 3 அன்று கைல்போத் பண்டிகை. துப்பாக்கியையும் கத்தியையும் கழுவித் துடைத்து வைத்துப் பூச்சூட்டுவார்கள். அந்தப் பூ செங்காந்தள், நம் மாநிலப் பூ. நாம் ஆயுத பூஜையன்று சந்தனம் வைத்ததோடு கத்தியை மறந்துவிடுகிறோம்.

இந்த ஆசையை வீட்டு வாசலுக்கு வெளியே எடுத்துப் போகும்போது மட்டும் நிதானம் வேண்டும். சமையலுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள தகடு, ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வந்துவிடும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. கீழே போகிற பெட்டியில் வைக்க வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்தியை நினைவாகக் கழற்றிவிடுங்கள்.

இப்போது எங்கள் தெருவில் யாராவது கத்தியோடு வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. வீட்டுக் கத்தி என்றால் ஒன்றிரண்டு தீட்டித் தருகிறேன். கல்யாண வீட்டுக் கத்திகள், கறிக்கடைக் கத்திகள் என்று மூட்டையாக வந்தால் சைக்கிளில் சாணைச் சக்கரத்தோடு வருகிறாரே, அவருக்கே சொல்லி அனுப்புகிறேன். அது அவர் பிழைப்பு. கத்தரிக்கோலையும் நான் தொடுவதில்லை. இரண்டு தகடும் ஒன்றோடொன்று உரசும் இடம் கெட்டால் துணியைக் கடிக்குமே ஒழிய வெட்டாது. அதைச் சரிசெய்வது தனி வித்தை. மீரட் நகரத்துக் கத்தரிக்கோல்காரர்களுக்கு அது கைவந்தது. அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)