எலுமிச்சை சொல்லும் சாட்சி

புதுவாயல் நெடுஞ்சாலையில் ஓடும் கன்டெய்னர்களில் வந்திறங்கும் இயந்திரம் ஒன்று பழுதானால், நட்டம் அதோடு போயிற்று. வெளிநாட்டுப் பழக்கன்று அப்படியல்ல. அதனுள் இருக்கும் வைரஸ் அசுவினி மேல் ஏறி அடுத்த தோட்டத்துக்கும் போய்விடும். பார்வைக்குத் தளதளவென்றிருக்கும் கன்றே ஆபத்தானது. பழநி மலைச்சரிவிலும் சிறுமலையிலும் விருப்பாட்சி வாழையைச் சூறையாடிய முடிக்கொத்து நோய், 1940-ஐ ஒட்டி இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் வந்தது. நோய்க்குறி தெரியுமுன் பிடுங்கி நட்ட பக்கக்கன்றுகள் அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டு சேர்த்தன. ஆகவே இறக்குமதிக் கன்றுகளைத் தனிமைப்படுத்திச் சோதிக்கையில் உற்றுப் பார்ப்பதைவிட வளரவிட்டுக் காத்திருப்பதே பெரிய சோதனை. 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையும், மீனம்பாக்கம் போன்ற இடங்களிலுள்ள தனிமைப்படுத்தல் நிலையங்களில் நடக்கும் ஆய்வோடு நின்றுவிடாமல், பல நாற்றுகளை ஒப்புதல் பெற்ற இடத்தில் தனியே வளர்த்துக் காட்டச் சொல்கிறது.

காத்திருக்கும் நாட்களில் நடப்பது வெறும் வேடிக்கை பார்ப்பதல்ல. ஆரஞ்சுக் கன்றில் டிரிஸ்டெசா வைரஸ் இருக்கிறதா என்று அறிய, அதன் மொட்டை நம்ம நாட்டு எலுமிச்சை நாற்றில் ஒட்டுவார்கள். ஆரஞ்சு மறைத்ததை எலுமிச்சை மறைக்காது. சில வாரங்களில் அதன் இளம் இலையை வெளிச்சத்தில் பிடித்தால் நரம்புகளில் கண்ணாடிபோல் வெளிறிய கீறல்கள் தெரியும். (ஊறுகாய்க்கு மட்டுமே என நாம் நினைக்கும் செடிக்கு இப்படியொரு வேலை!) இதே வைரஸ் 1930-களில் தென் அமெரிக்காவில் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் ஒட்டிய மரங்களை லட்சக்கணக்கில் பட்டுப்போகச் செய்தது; அது இறக்குமதிக் கன்றுகளோடு வந்தது என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. டிரிஸ்டெசா என்றால் அங்கே துயரம்.

ஒரே நாளில் முடிவு சொல்லும் பி.சி.ஆர். இருக்க, மாதக்கணக்கில் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். பி.சி.ஆர். நாம் தேடச் சொன்ன கிருமியைத்தான் தேடும். பெயர் வைக்கப்படாத நோயைப் பற்றி அதற்குப் பேச்சில்லை. துளிர்க்காமல் உறங்கும் கன்றில் வைரஸ் ஒரு கிளையில் இருக்கும், மறு கிளையில் இருக்காது. எடுத்த துண்டு தப்பினால் முடிவும் தப்பும். ஏற்றுமதி நாட்டின் சான்றிதழும் அன்று கண்டதையும் சோதித்ததையும்தான் சொல்லும். ஆனால் தாமதம் நீண்டால் பையில் குச்சியை ஒளித்து வருபவர் கூடுவார்கள் என்ற எதிர்வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை. அதற்கு மருந்து சோதனையைக் குறைப்பதல்ல, சரக்கைக் குறைப்பது: ஆயிரம் கன்றுகளை இறக்காமல் சில மொட்டுக்குச்சிகளை மட்டும் வரவழைத்து, நுனித் திசுவை மட்டும் எடுத்து வளர்த்து வைரஸை நீக்கி, எலுமிச்சையின் சாட்சியையும் கேட்டபின், அவற்றிலிருந்து இங்கேயே ஒட்டுக்கன்றுகளைப் பெருக்கிக்கொள்ளலாம்.