பழைய சமையல் எண்ணெயில் பயோடீசல்: வீட்டில் காய்ச்சலாமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் டீக்கடை வடைச்சட்டி முதல் ஆடிப்பூரத் திருவிழாக் கடைகள் வரை தினமும் எண்ணெய் கொதிக்கிறது. சாத்தூர் காராசேவும் விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் இதே மாவட்டத்தின் அடையாளங்கள். பொரித்து மிஞ்சும் எண்ணெயை பயோடீசலாக்கி டிராக்டரிலும் ஆயில் இன்ஜினிலும் பயன்படுத்த முடியுமா என்று விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் அதை வீட்டில் செய்யக்கூடாது. காரணத்தைப் பார்ப்போம்.

நேரடியாக ஊற்றலாமா?

1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. இதைச் சொல்லி, வடிகட்டிய எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றுவோர் உண்டு. தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டித்தன்மை கொண்டது. எனவே சரியாகத் தூவாது, முழுதாக எரியாது. நாளடைவில் நாசில் அடைக்கும், பிஸ்டன் ரிங்கில் கரி படியும், இன்ஜின் ஆயில் கெட்டியாகும். மிச்சப்படுத்திய டீசல் காசு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும்.

பயோடீசல் எப்படி உருவாகிறது?

எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறைப்பதே பயோடீசல் தயாரிப்பு. எண்ணெயை வடிகட்டி, சூடாக்கி, ஈரத்தை நீக்குவார்கள். பிறகு மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்துச் சேர்த்து, சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கலக்குவார்கள். அசையாமல் வைத்தால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது பயோடீசல். 100 கிலோ எண்ணெயும் 10 கிலோ மெத்தனாலும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும்.

பலமுறை காய்ந்த எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். அதைச் சோதித்து காஸ்டிக் சோடா அளவை மாற்றாவிட்டால் முழுவதும் சோப்புக் கூழாகிவிடும்.

ஆபத்து எங்கே?

ஆபத்து மெத்தனாலில் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். குடித்தால் மட்டுமல்ல, அதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தாலும், தோல் வழியாக உடலில் ஏறினாலும் கண்பார்வைக்கும் உயிருக்கும் கேடு. நம் ஊர் வெயிலில் சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 65 டிகிரியில் கொதித்துவிடும் அதை 60 டிகிரியில், மூடிய கலனில், ஆவி வெளியேறாமல் கையாள வேண்டும். விறகு அடுப்பும் பிளாஸ்டிக் டிரம்மும் வைத்துச் செய்யும் வேலையல்ல இது. மேலும், தமிழகத்தில் உரிமம் இல்லாமல் மெத்தனால் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்.

கழிவும் பிரச்சினைதான். பிரியும் கிளிசரினில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்திருக்கும். மாட்டுத் தீவனத்தில் கலக்கவோ, எருக்குழியிலோ கிணற்றோரத்திலோ கொட்டவோ கூடாது.

விவசாயிகள் செய்யக்கூடியது

எண்ணெயைச் சேகரித்து, முறையான ஆலைக்குக் கொடுப்பதே லாபமும் பாதுகாப்பும். மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய எண்ணெயைப் பயோடீசலாக மாற்றும் ‘ரூகோ’ திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஆகஸ்ட் 10-ல் தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் எண்ணெயை விலைக்கு வாங்குகிறார்கள்.

ஒரு வீட்டில் மிஞ்சுவது அரை லிட்டர்தான். ஆனால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, பலகாரம் செய்யும் மகளிர் குழுவோ ஊர் உணவகங்கள், கல்யாண மண்டபங்களையும் சேர்த்துச் சேகரித்தால் வண்டி வந்து எடுக்கும் அளவு தேறும். செய்ய வேண்டியவை:

* எண்ணெயை ஆறவைத்து, துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கேனில் மூடி வைக்கவும்.
* தண்ணீர், இன்ஜின் கழிவு ஆயில் கலக்கக்கூடாது.
* கொடுத்த அளவு, தேதி, ரசீதைப் பதிவேட்டில் எழுதி வைக்கவும்.
* சேகரிப்பாளரின் அங்கீகாரத்தை மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் உறுதிசெய்த பிறகே கொடுக்கவும். இல்லையெனில் அதே எண்ணெய் மலிவு விலையில் மீண்டும் வடைச்சட்டிக்கே வந்துவிடும்.

பயோடீசல் வாங்கும்போது

ஐ.எஸ். 15607 தரச்சான்று உள்ளதா எனக் கேளுங்கள். டிராக்டர் நிறுவனம் அனுமதிக்கும் கலப்பு அளவைத் தாண்டாதீர்கள். பயோடீசல் டேங்கில் படிந்த பழைய கசடைக் கரைத்துக் கொண்டுவரும் என்பதால், தொடக்கத்தில் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுவது நல்லது.

காட்டாமணக்குக்கு நிலமும் தண்ணீரும் தேவைப்பட்டன. இந்த எரிபொருளுக்கான மூலப்பொருளோ நம் அடுப்படியிலேயே மிஞ்சுகிறது. எண்ணெய் விற்ற பணத்தில் பங்கில் டீசல் போடுங்கள். மெத்தனால் வேலையை ஆலைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.